‘ஃபங்கல் மார்க்கர்: நெகட்டிவ்’ — மருத்துவமனை ஆய்வகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வகத் தலைவர்களுக்கும், எந்தச் சோதனை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ரத்தப் புற்றுநோய்க்கும் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கும் சிகிச்சை தரும் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர். நீங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் நடக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேசவே இந்த மடல். ‘ஃபங்கல் மார்க்கர்: நெகட்டிவ்’, அதாவது தேடிய பூஞ்சைத் தடயம் ரத்தத்தில் தெரியவில்லை என்பதுதான் அந்த வரி.

அதில் பொய் எதுவும் இல்லை. சோதனை செய்தீர்கள், அளவு எல்லைக்குக் கீழே இருந்தது, அப்படியே எழுதிவிட்டீர்கள். ஆனால் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அதைப் ‘பூஞ்சை இல்லை’ என்று படிக்கிறார். காலையில் ரவுண்ட்ஸ் வரும் மூத்த மருத்துவரிடம் ‘ஃபங்கல் எல்லாம் நெகட்டிவ், சார்’ என்று சொல்கிறார். எந்தப் பூஞ்சையைத் தேடினார்கள், எதைத் தேடவே இல்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ரிப்போர்ட்டும் சொல்வதில்லை. அரிதான பூஞ்சைகள் தப்பித்துப் போவது இந்த இடத்தில்தான்.

இனி நான் சொல்லப்போகும் அறிவியலில் உங்களுக்குப் புதிது எதுவும் இருக்காது. திறந்த மடல் என்பதால் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சில இடங்களில் நின்று விளக்கிவிட்டுப் போகிறேன்.

உடலுக்குள் ஊடுருவும் பூஞ்சையைக் கண்டுபிடிக்க நல்ல வழி, பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஆனால் எங்கள் நோயாளிகளுக்குப் பிளேட்லெட் தரைமட்டத்தில் இருக்கும். நுரையீரலில் ஊசி போட்டால் ரத்தம் நிற்குமா என்று தெரியாது. அதனால் பயாப்சி தள்ளிப்போகும், பல நேரங்களில் நடக்காமலே போகும். அப்போது எங்களுக்குக் கையில் கிடைப்பது ஒரு ட்யூப் ரத்தம் மட்டும்தான்.

அந்த ரத்தத்தைக் கல்ச்சரில் போட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஊடுருவிய கேண்டிடா என்ற பூஞ்சையின் தொற்றிலேயே கல்ச்சர் ஏறத்தாழப் பாதியைத்தான் பிடிக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ரத்தக் கல்ச்சரில் வளர்வது மிக அபூர்வம். மியூகார் வகைப் பூஞ்சைகளும் அப்படியே. ரத்தக் குழாயைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அதை அடைத்துத் திசுவையே சாகடிக்கும், ஆனால் கல்ச்சர் பாட்டிலில் தலைகாட்டாது.

அதனால்தான் பூஞ்சையை வளர்க்காமல், அது ரத்தத்தில் விட்டுச் செல்லும் பொருள்களைத் தேடும் சோதனைகள் வந்தன. முதலாவது கேலக்டோமன்னன். ஆஸ்பெர்ஜில்லஸ் வளரும்போது கசியும் சர்க்கரைச் சங்கிலி இது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு 2003-இல் ஒப்புதல் தந்தது. இரண்டாவது பீட்டா-டி-குளுக்கான். பல பூஞ்சைகளின் செல் சுவரில் இருப்பது. அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2004-இல். இந்த இரண்டாவது சோதனை ஒரு வேடிக்கை. குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தை எடுத்து, அது உறையும் விதத்தைப் பயன்படுத்திப் பூஞ்சையைத் தேடுகிறோம். அந்த நண்டின் உறைதல் பொருள் ஒன்றுக்கு, குளுக்கான் துளி பட்டாலும் விழித்துக்கொள்ளும் பழக்கம். ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 80 பிகோகிராம் இருந்தாலே பாசிட்டிவ். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு நுணுக்கமான சோதனை மியூகாரைப் பார்க்காது. கோவிட் காலத்தில் கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் பேசிய அதே கூட்டம்தான். ரைசோபஸ், மியூகார், லிக்தீமியா, ரைசோமியூகார், கன்னிங்ஹமெல்லா எல்லாம் அதில் அடக்கம். இவற்றின் செல் சுவரில் கைட்டினும் கைட்டோசானும் உண்டு. சோதனை தேடுகிற குளுக்கான் பெயருக்குத்தான் இருக்கும். கேலக்டோமன்னன் சோதனைக்கும் இவை அகப்படுவதில்லை. ஆக, இரண்டு சோதனையும் நெகட்டிவ் வந்தால் மியூகார் இல்லை என்று ஆகாது. நுரையீரல் சிடி ஸ்கேனில் சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்து, இரண்டும் நெகட்டிவ் என்றால் மியூகார்மேல் எங்கள் சந்தேகம் கூடத்தான் வேண்டும்.

குளுக்கான் சோதனை கோட்டைவிடும் இன்னொன்று, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை. அது வெளியிடும் குளுக்கான் மிகக் குறைவு. பிளாஸ்டோமைசிஸ் என்ற பூஞ்சையின் ஈஸ்ட் வடிவமும் அப்படியே. இதெல்லாம் கிட்டோடு வரும் தாளில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. அந்தத் தாள் உங்கள் ஆய்வகத்தின் கோப்பில் பத்திரமாக இருக்கும். வார்டுக்கு வருவது ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். லுகேமியாவுக்குக் கீமோ முடித்த ஓர் இளைஞர். வெள்ளையணுக்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆன்டிபயாடிக் எதற்கும் காய்ச்சல் இறங்கவில்லை, விலாவில் வலி. ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம் என்று அதற்கான மருந்தான வோரிகோனசோலைத் தொடங்கினார்கள். சிடி ஸ்கேனில் ஒரு வட்டம். நடுவே மங்கலாக, சுற்றிலும் கெட்டியான வளையம். வெள்ளையணு இல்லாத நோயாளிக்கு இந்த வளையம் தெரிந்தால் முதலில் நினைக்க வேண்டியது மியூகாரைத்தான். ரேடியாலஜிஸ்ட் அதை எழுதியும் இருந்தார். ஆனால் அதே நாள் மாலை ‘ஃபங்கல் மார்க்கர்: நெகட்டிவ்’ வந்தது. ரிப்போர்ட்டை நோயாளியின் அக்காவிடம் காட்டி, ‘பூஞ்சை இல்லையாம்மா, நல்ல செய்தி’ என்று சொல்லியும் விட்டார்கள். வோரிகோனசோலையும் நிறுத்தினார்கள். மியூகாருக்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின் பற்றிய பேச்சே எழவில்லை. அடுத்த வாரம் இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் பிளேட்லெட் ஏற்றி, மூச்சுக்குழாய் வழியே திசு எடுத்தார்கள். அகலமான, நாடா போன்ற, தடுப்புச் சுவர் அதிகம் இல்லாத இழைகள். சந்தேகத்துக்கு இடமில்லாத மியூகார்.

அவர் பிழைக்கவில்லை. முன்பே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தாமதத்தின் விலை என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு வந்த மியூகார் தொற்றைப் பற்றி அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து 2008-இல் வெளியான ஆய்வில், ஆம்ஃபோடெரிசின் தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் 12 வாரத்துக்குள் இறந்தோர் ஏறத்தாழ 83 சதவீதம். தாமதமில்லாமல் தொடங்கியவர்களில் 49 சதவீதம். மருந்து ஒன்றுதான், வேறுபாடு சில நாட்கள்.

அந்த மருந்தையும் சும்மா எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பொட்டாசியத்தை இறக்கும். வோரிகோனசோல் மியூகாரை ஒன்றும் செய்யாது. எக்கினோகேண்டின் வகை மருந்துகள் மியூகார், ஃபியூசேரியம், கிரிப்டோகாக்கஸ் ஆகிய மூன்று பூஞ்சைகளுக்கும் பயன்படாது. லோமெண்டோஸ்போரா என்று ஒன்று உண்டு, அதற்கு இப்போது கையில் இருக்கும் மருந்துகளில் அநேகமாக எதுவும் சரியாக வேலை செய்யாது. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தோம் என்பதில் அர்த்தம் இல்லை. எந்தப் பூஞ்சை என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும்.

சரி, மியூகாருக்கு ரத்தச் சோதனையே கிடையாதா? உண்டு. திசுவை அழிக்கும்போது அதன் டிஎன்ஏ ரத்தத்தில் கலக்கிறது. டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் மூலம் அதைத் தேடலாம். பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) செய்த இந்தப் பிசிஆர் நூறு மியூகார் நோயாளிகளில் 85 பேரைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் பத்துக்கு ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டியது. எனக்கு அதைவிட முக்கியம் வேறொன்று: நோயை உறுதிசெய்த திசு மாதிரியை எடுப்பதற்குச் சராசரியாக நான்கு நாட்கள் முன்பே ரத்தத்தில் பாசிட்டிவ் வந்திருந்தது. ஹூஸ்டன் கணக்கில் ஆறு நாள் தாமதம் என்ன செய்தது என்று மேலே பார்த்தோம். அந்த நான்கு நாளின் மதிப்பை வார்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். சிகிச்சை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ மறைந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டுமா என்று தடுமாறும் நேரத்தில் இது ஒரு பிடிமானம்.

இந்தச் சோதனையைக் கேட்டால் பல ஆய்வகங்களிலிருந்து வரும் பதில், ‘அரிதான நோய், மாதத்துக்கு எத்தனை சாம்பிள் வரும்?’ என்பதே. நியாயமான கேள்விதான். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆய்வகம் நடத்தட்டும்; மற்றவர்கள் சீரத்தைக் குளிர்பெட்டியில் அனுப்பட்டும். வேண்டியது ஒப்பந்தமும், சாம்பிள் எடுத்துப்போகும் ஆளும், ரிப்போர்ட் எத்தனை மணி நேரத்தில் வரும் என்ற உறுதியும். பிசிஆர் கருவி இல்லாத பெரிய மருத்துவமனை இன்று ஏது? கோவிட் வந்தபோது வாங்கிய கருவிகள் சில இடங்களில் உறை போட்டுக் கிடப்பதையும் பார்க்கிறோம்.

தொடங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மியூகாரின் எல்லா இனங்களையும் ஒரே கிட் பிடித்துவிடாது. கன்னிங்ஹமெல்லாவைச் சேர்த்த கிட்டும் உண்டு, சேர்க்காததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். சீரத்தில் டிஎன்ஏ மிகக் குறைவாக இருக்கும், அதனால் சொட்டு அளவு சாம்பிளில் செய்தால் எதுவும் கிடைக்காது. அரை மில்லிக்குக் குறையக் கூடாது, ஒரு மில்லி எடுத்தால் நல்லது. பூஞ்சை டிஎன்ஏ காற்றிலும், சில சமயம் ரீஏஜென்ட்டிலும்கூட இருக்கும் என்பதால் வெற்றுக் கட்டுப்பாட்டு மாதிரி (நோயாளியின் சாம்பிள் சேராதது) இல்லாமல் ஓட்டிய பிசிஆரை நம்ப முடியாது. தாமதமான சுழற்சியில் லேசாக வந்த பாசிட்டிவை இரண்டாவது சாம்பிளில் உறுதி செய்யுங்கள். ஆனால் அதுவரை வார்டுக்குச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

அடுத்த குறை, தட்டு நிரம்பும்வரை காத்திருப்பது. கேலக்டோமன்னன் சோதனை எலைசா என்ற முறையில், 96 குழித் தட்டில் நடக்கிறது. ஒரு சாம்பிளுக்காகத் தட்டைத் திறந்தால் நஷ்டம் என்று வாரம் ஒரு முறை ஓட்டுகிறார்கள். திங்கட்கிழமை எடுத்த ரத்தத்துக்கு வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தால் அது எங்களுக்கு வரலாறு. இப்போது ஒற்றைச் சாம்பிளுக்கே செய்யக்கூடிய பட்டைச் சோதனைகள் கேலக்டோமன்னனுக்கு வந்துவிட்டன, குளுக்கானுக்கும் ஒற்றைச் சாம்பிள் கிட் இருக்கிறது. சோதனை விலையைத் தட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் போடாமல், காத்திருக்கும் நாட்களில் கண்மூடித்தனமாக ஓடும் பூஞ்சை மருந்தின் விலையையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கணக்கு மாறிவிடும்.

வேகமும் எளிமையும் பூஞ்சைச் சோதனையில் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் கிரிப்டோகாக்கஸைக் காட்டுவேன். அதன் ஆன்டிஜெனை, அதாவது அது விட்டுச் செல்லும் அடையாளப் பொருளைத் தேடும் பட்டைச் சோதனைக்கு 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு துளி சீரம், பத்து நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். மூளைக்காய்ச்சல் அறிகுறி வருவதற்கு வாரங்கள் முன்பே ரத்தத்தில் ஆன்டிஜென் தெரிந்துவிடும். எச்ஐவியோடு சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 200-க்குக் கீழே இருந்தாலும் செய்யலாம் என்கிறது. ஆனால் சில இடங்களின் ‘ஃபங்கல் பேனல்’ பட்டியலில் குளுக்கானும் கேலக்டோமன்னனும் இருக்கும், இது இருக்காது. மலிவானது, வேகமானது, நம்பகமானது. அதுதான் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

பாசிட்டிவ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடல் ஒருதலையாகிவிடும். குளுக்கான் பாசிட்டிவ் என்றால் பூஞ்சை என்றும் ஆகாது. செல்லுலோஸ் சவ்வில் டயாலிசிஸ், இம்யூனோகுளோபுலின் அல்லது ஆல்புமின் ஏற்றியது, அறுவை சிகிச்சையில் உள்ளே வைத்த பஞ்சுத் துணி என்று எது வேண்டுமானாலும் அளவை ஏற்றும். ஆகவே ஒரு பாசிட்டிவைப் பார்த்ததும் மருந்தைக் கொட்டக் கூடாது. அது எந்தப் பூஞ்சை என்றும் சொல்லாது. இன்னொரு குழப்பம் எண். ஒரு நிறுவனத்தின் கிட்டில் எல்லை 80, இன்னொன்றில் அதைவிடப் பல மடங்கு குறைவு. வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றி வந்த நோயாளியின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘குறைந்திருக்கிறது’ என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டின் பெயரையும் எல்லையையும் எண்ணோடு சேர்த்தே அச்சிடுங்கள்.

அப்புறம் ஃபியூசேரியம். ரத்தக் கல்ச்சரில் வளராத இழைப் பூஞ்சைகளுக்கு நடுவில் இது விதிவிலக்கு. உடலுக்குள்ளேயே வித்துகளை உண்டாக்கி ரத்தத்தில் மிதக்க விடுவதால், உடல் முழுக்கப் பரவிய ஃபியூசேரியம் தொற்றில் நிறையப் பேருக்குக் கல்ச்சரே பாசிட்டிவ் ஆகும். சிக்கல் அதற்குப் பிறகு. பாட்டிலிலிருந்து எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது அந்த வித்துகள் ஈஸ்ட் (கேண்டிடா போன்ற உருண்டைப் பூஞ்சை) போலத் தெரியும். ‘ஈஸ்ட் தெரிகிறது’ என்று வார்டுக்குப் போன் வரும். வார்டில் கேண்டிடா என்று நினைத்து எக்கினோகேண்டின் தொடங்குவார்கள். ஃபியூசேரியம் அதைச் சட்டை செய்யாது. தட்டில் பஞ்சு போல வளர்ந்த பிறகு ‘இது காற்றிலிருந்து வந்த மாசாக இருக்கும்’ என்று தூக்கிப்போட்ட கதைகளும் உண்டு. வெள்ளையணு இல்லாத நோயாளியின் ரத்தத்தில் இழைப் பூஞ்சை வளர்ந்தால், மாசு என்று எழுதுவதற்கு முன் தயவுசெய்து ஒரு போன் போடுங்கள். தோலில் வலியோடு கருத்த புள்ளிகள் இருக்கின்றனவா, கால் நகத்தோரம் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது மாசு அல்ல.

வார்டு மருத்துவர்களும் உங்களுக்கு ஒத்தாசை செய்வதில்லை என்பது தெரியும். சோதனைப் படிவத்தில் ‘காய்ச்சல்’ என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினால் நீங்கள் எதைத் தேடுவீர்கள்? போசகோனசோல் என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும், எந்த அறிகுறியும் இல்லாத நோயாளிக்கு வாரம் இரு முறை கேலக்டோமன்னன் அனுப்புவது வீண் செலவு. அதில் வரும் பாசிட்டிவில் பெரும்பகுதி பொய்ப் பாசிட்டிவ். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016 வழிகாட்டியும் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. அப்படி வரும் சாம்பிள்களைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அதில் மிச்சமாகும் பணத்தில், ஆபத்து அதிகமுள்ள சிலருக்கு மியூகார் பிசிஆர் செய்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் 19 பூஞ்சைகளை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மியூகாரும் ஃபியூசேரியமும் அதில் இரண்டாவது வரிசையில் இருக்கின்றன. 2025-இல் பூஞ்சைச் சோதனைகளைப் பற்றித் தனி அறிக்கையும் வந்தது. பெரிய ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் போதவில்லை என்பது அதன் முக்கியக் குறை. புதிய சோதனைகள் வரட்டும். ரத்தத்தில் மிதக்கும் எல்லா டிஎன்ஏவையும் படித்து எந்தக் கிருமி என்று சொல்லும் முறையும் சில நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் ஆர்வம் உண்டு, அவசரம் இல்லை. கையில் இருக்கும் சோதனையின் ரிப்போர்ட்டையே அரைகுறையாக எழுதும்போது, இன்னும் பெரிய சோதனையின் ரிப்போர்ட்டையும் அரைகுறையாகத்தான் எழுதுவோம்.

எனவே நான் கேட்பவற்றில் முதலாவதற்குப் பணமே வேண்டாம். ‘ஃபங்கல் மார்க்கர்’, ‘ஃபங்கல் பேனல்’ என்ற தலைப்புகளை எடுத்துவிட்டு, சோதனையின் சொந்தப் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழே, ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இல்லாமல், முடிவுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு குறிப்பு வரட்டும்:

“பீட்டா-டி-குளுக்கான்: எல்லைக்குக் கீழே. இந்தச் சோதனை மியூகார் வகைப் பூஞ்சைகளையும் கிரிப்டோகாக்கஸையும் கண்டறியாது. அவற்றில் சந்தேகம் இருந்தால் மியூகார் பிசிஆர், கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் சோதனைகளைத் தனியாகக் கேட்கவும். திசு மாதிரி கிடைத்தால் அனுப்பவும்.”

கேலக்டோமன்னனுக்கும் இதே போல: “முக்கியமாக ஆஸ்பெர்ஜில்லஸுக்கான சோதனை. நோயாளி இழைப் பூஞ்சைத் தடுப்பு மருந்தில் இருந்தால் நெகட்டிவ் முடிவை நம்ப முடியாது. மியூகாரைக் கண்டறியாது.”

வாசகத்தை உங்கள் விருப்பப்படி திருத்திக்கொள்ளுங்கள். ஆய்வக மென்பொருளில் இதைச் சேர்க்க அரை மணி நேரம் போதும் என்று அதைப் பராமரிப்பவர்களே சொல்கிறார்கள். பிசிஆருக்கான வட்டார ஏற்பாட்டைப் பற்றிப் பேச எந்த ஆய்வகம் கூப்பிட்டாலும் வரத் தயாராக இருக்கிறேன். எங்கள் வார்டில் ஆபத்து அதிகமுள்ளோர் யார், வாரத்துக்கு எத்தனை சாம்பிள் வரும் என்ற விவரங்களையும் எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
ரத்தநோய் வார்டில் பணிபுரியும் ஒரு மருத்துவர்